இரும்பைத் தேட எந்த மெட்டல் டிடெக்டர்?

கேள்வி: "எங்களுக்கு மூன்று ஏக்கர் செம்மண் நிலம். வீட்டுக்குப் பின்னால் மாமனார் காலத்து ஓட்டு வீடு இடிந்து மேடாகக் கிடந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஜே.சி.பி. வைத்து அதைச் சமன்செய்து, அந்த 12 சென்ட்டையும் தோட்டத்தோடு சேர்த்துத் தீவனப்புல் போட்டோம். ஆணி, கட்டுக்கம்பி, தகரத்துண்டு என்று இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. டிராக்டர் டயர் இரண்டு முறை கிழிந்தது. போன வைகாசியில், நன்றாகக் கறந்துகொண்டிருந்த மாடு தீனி எடுக்காமல் கிடந்து செத்துப்போனது. வயிற்றில் கம்பி இருந்ததாக டாக்டர் சொன்னார். மெட்டல் டிடெக்டர் வாங்கி நிலத்தைச் சுத்தம் செய்யலாம் என்கிறான் மகன். ஒருவர் 1,60,000 ரூபாய்க்கு ஒரு கருவியைக் காட்டி, 20 அடி ஆழத்தில் உள்ள தங்கத்தையும் தண்ணீரையும்கூடக் காட்டும் என்கிறார். அடுத்த மாடு வாங்க வைத்திருக்கும் பணம் அது. வாங்கலாமா? வாங்கினால் எப்படிப் பழகுவது?"

ஒரு வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்.

பதில்: மாட்டுக்கு வைத்த பணம் மாட்டுக்கே இருக்கட்டும். இந்த வேலைக்கு அவ்வளவு விலையுள்ள கருவி தேவையில்லை. விலை உயர்ந்த மெட்டல் டிடெக்டரில் கொடுக்கும் பணத்தின் பெரும்பகுதி, இரும்பை ஒதுக்கிவிட்டு மற்ற உலோகத்தைக் கண்டுபிடிக்கும் திறமைக்கான விலை. இந்தத் தோட்டத்தில் தேட வேண்டியதோ இரும்பு. ஒதுக்கித் தள்ளுவதற்காகச் செய்த கருவியை, அதையே தேடுவதற்காக லட்சம் கொடுத்து வாங்குவது வீண்.

ஆனால் மகன் சொல்லும் யோசனை தவறில்லை. சரியான கருவியைச் சரியான முறையில் பயன்படுத்தினால் அந்த 12 சென்ட்டைச் சுத்தம் செய்ய முடியும். அதற்குக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

காதுக்குக் கேட்பது எது?

கருவியின் அடியில் உள்ள வட்டமான தட்டைக் காயில் என்பார்கள். அதற்குள் செம்புக்கம்பிச் சுற்றுகள் இருக்கின்றன. ஒரு சுற்றில் மின்சாரம் மாறி மாறிப் பாய்ந்து, மண்ணுக்குள் காந்தப்புலத்தை அனுப்புகிறது. அந்தப் புலம் ஓர் ஆணியின் மேல் பட்டால் ஆணிக்குள் சிறு மின்னோட்டம் சுழலும். அது எழுப்பும் மெல்லிய எதிர்ப்புலத்தை இன்னொரு சுற்று பிடிக்கிறது. அதுவே ஹெட்போனில் ஒலியாகவும் திரையில் எண்ணாகவும் வருகிறது.

ஆழம் கூடக்கூட இந்த எதிர்ப்புலம் மிக வேகமாக மெலிந்துவிடும். காயிலின் அகலத்தைவிட ஆழத்தில் இருக்கும் பொருளுக்கு, ஆழம் இரண்டு மடங்கானால் திரும்பி வரும் சமிக்ஞை கணக்குப்படி 64-ல் ஒரு பங்காகிவிடும். அதனால்தான் எவ்வளவு உயர்ந்த கருவியாக இருந்தாலும் காசு அளவுள்ள பொருளை ஏறக்குறைய ஒரு சாண் ஆழம் வரைதான் நம்பிக்கையாகச் சொல்லும். மண் நன்றாக இருந்தால் இன்னும் கொஞ்சம். அண்டா அளவுள்ள பொருள் என்றால் மூன்றடி, நாலடி. 20 அடி என்பது விற்பவரின் பேச்சு. தண்ணீர் உலோகம் அல்ல. எந்த மெட்டல் டிடெக்டரும் நிலத்தடி நீரைக் காட்டாது.

அதனால் வருத்தப்பட வேண்டியதில்லை. ரோட்டவேட்டர் கிளறுவதும், மாடு மேயும்போது வாய்க்கு எட்டுவதும் மேலே உள்ள அரை அடி மண்தான். அந்த ஆழத்தில் உள்ள ஆணியை நடுத்தர விலைக் கருவியே காட்டிவிடும்.

விலை எதற்காக ஏறுகிறது?

சாதாரணக் கருவிகள் ஒரே அதிர்வெண்ணில் வேலை செய்யும். தாழ்ந்த அதிர்வெண் பெரிய பொருளுக்கும், செம்பு, வெள்ளிக்கும் நல்லது. உயர்ந்த அதிர்வெண் குன்றிமணி அளவுத் தங்கத்துக்கு நல்லது. விலை உயர்ந்தவை ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களை அனுப்பி, வருவதை ஒப்பிட்டுப் பார்க்கும். ஆஸ்திரேலியாவின் மைன்லேப் நிறுவனத்தின் எக்வினாக்ஸ், மான்டிகோர், பிரான்ஸின் எக்ஸ்.பி. நிறுவனத்தின் டியூஸ் 2, துருக்கியின் நோக்டா நிறுவனத்தின் லெஜெண்ட் ஆகியவை இந்த வகை. உப்பு மண், கடற்கரை ஈரமணல், ஆணிகளுக்கு நடுவே கிடக்கும் ஒற்றை வெள்ளிக்காசு போன்ற இடங்களில்தான் இவற்றின் திறமை தெரியும்.

இன்னொரு வகை துடிப்பு முறைக் கருவி. மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்பி, இடைவெளியில் எதிரொலியைக் கேட்கும். மைன்லேப் ஜி.பி.எக்ஸ். 6000 இந்த வகை; விலை பல லட்சம். ஆஸ்திரேலியாவின் இரும்புச்சத்து மிகுந்த செந்நிலத்தில் தங்கக்கட்டி தேடுபவர்களுக்காகச் செய்தது. ஆழமாகப் பார்க்கும்; ஆனால் ஆணியா, தங்கமா என்று பிரித்துச் சொல்வதில் இது பலவீனம். தேடுபவர்கள் ஒலி கேட்ட இடத்தையெல்லாம் தோண்டித்தான் ஆக வேண்டும்.

ஆக, இரும்பு பொறுக்க வேண்டிய விவசாயிக்கு வேண்டியவை நான்குதான்: எல்லா உலோகத்துக்கும் ஒலிக்கும் 'ஆல் மெட்டல்' அமைப்பு, மண்ணுக்கு ஏற்பச் சரிசெய்துகொள்ளும் 'கிரவுண்ட் பேலன்ஸ்', ஆறேழு அங்குலச் சிறு காயில், கையில் பிடித்துக் குழிக்குள் தேடும் 'பின்பாயின்ட்டர்'. ஆணிகள் நெருக்கமாகக் கிடக்கும் இடத்தில் பெரிய காயில் எல்லாவற்றையும் ஒரே கூச்சலாக்கிவிடும். சிறியது ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டும்.

கிரவுண்ட் பேலன்ஸ் புதுக்கோட்டைச் செம்மண்ணுக்கு மிகவும் முக்கியம். செம்மண்ணிலும் செம்புறைக்கல் சரளையிலும் இரும்பு ஆக்சைடு அதிகம். அந்த அமைப்பு இல்லாத மலிவு விலைக் கருவி மண்ணையே உலோகம் என்று நினைத்துக் கத்தும். பொம்மைக் கருவி வாங்கி ஏமாறுவதும், லட்ச ரூபாய்க் கருவி வாங்கி ஏமாறுவதும் ஒன்றுதான்.

பணம் கொடுக்கும் முன்

கருவியைச் சொந்த நிலத்தில் ஓட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. விற்பவர் வருவதற்கு முந்தைய நாளே, அவருக்குத் தெரியாமல், ஒரு மூன்றங்குல ஆணியை நான்கு விரற்கடை ஆழத்திலும், ஒரு லாடத்தை முக்கால் அடியிலும், ஒரு பித்தளைக் குழாய்த் துண்டை அரை அடியிலும் புதைத்து வையுங்கள். எதுவும் புதைக்காத இரண்டு இடங்களையும் மண்ணைக் கிளறி மூடி வையுங்கள். புதைத்ததைக் காட்டவும் வேண்டும். புதைக்காத இடத்தில் பேசாமல் இருக்கவும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் கருவி.

பெயர்பெற்ற நிறுவனங்களின் கருவிகளைப் போலவே செய்த போலிகள் சந்தையில் உலவுகின்றன. பெட்டியும் எழுத்தும் அச்சு அசலாக இருக்கும். கருவியில் உள்ள வரிசை எண்ணை நிறுவனத்திடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். ஜி.எஸ்.டி. பில், உத்தரவாத அட்டை, பழுது பார்க்கும் இடம், பேட்டரி கிடைக்குமா என்பது, எல்லாம் எழுத்தில் வேண்டும். எடையையும் பாருங்கள். ஒன்றேகால் கிலோ கடையில் லேசாகத்தான் தெரியும். வயலில் இரண்டு மணி நேரம் வீசினால்தான் தோள்பட்டை உண்மையைச் சொல்லும்.

குச்சி போன்ற ஆன்டெனா நீட்டிக்கொண்டு, தொலைவில் இருந்தே தங்கம் இருக்கும் திசைக்குத் திரும்பும் என்று காட்டப்படும் கருவிகள் முழு மோசடி. கோல்ஃப் பந்து தேடும் விளையாட்டுச் சாமானை மாதிரியாக வைத்து 'ஏ.டி.இ. 651' என்ற பெயரில் வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவி என்று இராக் அரசுக்கே விற்றார் இங்கிலாந்துக்காரர் ஒருவர். அதற்குள் வேலை செய்யும் பாகம் எதுவும் இல்லை. அதை நம்பிச் சோதனைச் சாவடிகளில் நின்றவர்கள் இருக்கிறார்கள். 2013-ல் இங்கிலாந்து நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டு சிறைத்தண்டனை கொடுத்தது. ஓர் அரசாங்கமே ஏமாந்த இடத்தில், புதையல் ஆசை காட்டி ஒரு குடும்பத்தை ஏமாற்றுவது கடினம் அல்ல.

பயன்படுத்திப் பழகும் முறை

வாங்கிய அன்றே வயலுக்குப் போகக் கூடாது. வீட்டு முற்றத்தில் உலோகம் இல்லாத ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து, ஆணி, கட்டுக்கம்பி, சோடா மூடி, மாத்திரை அட்டை, செப்புக்கம்பி, ஒரு ரூபாய்க் காசு ஆகியவற்றை முழ இடைவெளியில் புதைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குச்சி நட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் மேலும் காயிலை இருபது முப்பது முறை வீசி, ஒலியையும் எண்ணையும் நோட்டில் எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து, மகன் கண்ணை மூடிக்கொண்டு கேட்க, இன்னொருவர் வீசட்டும். எது ஆணி, எது காசு என்று காது சொல்ல ஆரம்பித்தால் பாதி பழகியாயிற்று.

இந்தப் பயிற்சியிலேயே ஒன்று புரியும். மாத்திரை அட்டையின் அலுமினியத் தாளும் மெல்லிய தங்க மோதிரமும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டும். பெரிய இரும்புத் தகடு சில நேரம் செம்பு போல ஒலிக்கும். எந்த விலைக் கருவியும் மண்ணுக்குள் இருப்பது இன்ன பொருள் என்று சொல்வதில்லை. இன்ன மாதிரி மின்சாரம் கடத்துகிறது என்றுதான் சொல்கிறது.

வயலில் இறங்கும்போது முதல் வேலை கிரவுண்ட் பேலன்ஸ். உலோகம் இல்லாத இடமாகப் பார்த்து, காயிலைத் தரையில் இருந்து முழங்கால் பக்கம் வரை மேலும் கீழுமாக ஏற்றி இறக்கி, மண்ணின் ஒலி அடங்கும் வரை சரிசெய்ய வேண்டும். செம்மண்ணில் இருந்து சரளைப் பக்கம் நகர்ந்தால் மறுபடியும் செய்ய வேண்டும். மின்கம்பிக்கு அடியிலோ மின்வேலிக்குப் பக்கத்திலோ கருவி காரணம் இல்லாமல் படபடக்கும். அங்கே உணர்திறனைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அதற்காக மின்வேலியைத் தொடும் தூரத்துக்குப் போகக் கூடாது.

வீசும்போது காயில் தரைக்கு இரண்டு விரற்கடை உயரத்தில், தரைக்கு இணையாகவே இருக்க வேண்டும். ஊஞ்சல் போல இரு முனையிலும் தூக்கினால் ஓரத்தில் உள்ளது தப்பிவிடும். ஒரு வீச்சின் பாதியை அடுத்த வீச்சு மூட வேண்டும். நடை மெதுவாக இருக்க வேண்டும். ஒலி கேட்டதும் 90 பாகை திரும்பி நின்று குறுக்காக ஒருமுறை வீசுங்கள். இரண்டு கோடும் வெட்டும் புள்ளிதான் பொருள் இருக்கும் இடம்.

கருவி பிடிப்பவர் உடம்பில் உள்ள இரும்பும் ஒலிக்கும் என்பதை மறக்கக் கூடாது. 1881-ல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்ட் சுடப்பட்டபோது, உடம்பில் குண்டு எங்கே இருக்கிறது என்று தேட, தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரகாம் பெல் ஒரு கருவி செய்துகொண்டு போனார். மற்ற இடங்களில் ஒழுங்காக வேலை செய்த கருவி, அந்த அறையில் குழம்பியது. ஜனாதிபதி படுத்திருந்த மெத்தைக்குள் இரும்புச் சுருள்கள் இருந்தன. குண்டு கிடைக்கவில்லை, கார்ஃபீல்டும் பிழைக்கவில்லை. ஆகவே கைபேசியையும் அரிவாளையும் வரப்பில் வைத்துவிட்டு, மண்வெட்டியைப் பத்தடி தள்ளிப் போட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

12 சென்ட்டுக்கு ஒரு திட்டம்

கருவி வருவதற்கு முன்பே பாதி வேலையை முடிக்கலாம். பழைய ஒலிபெருக்கியில் இருந்து கழற்றிய காந்தங்கள் நான்கைந்தை ஒரு பலகையின் அடியில் வரிசையாக இறுக்கிக் கட்டி, உழுத நிலத்தில் கயிறு போட்டு இழுங்கள். மேல்மண்ணில் உள்ள ஆணியும் கட்டுக்கம்பியும் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு சாலுக்கும் ஒருமுறை துடைத்து வாளியில் போட வேண்டும்.

பிறகு கயிறு கட்டி நிலத்தை மூன்றடிப் பட்டைகளாகப் பிரித்துக்கொண்டு, ஆல் மெட்டல் அமைப்பில் ஒவ்வொரு பட்டையாக முடியுங்கள். எக்வினாக்ஸ் வரிசையில் குதிரை லாடம் போட்ட பொத்தானை அழுத்தினால் இந்த அமைப்பு வரும். மற்றவற்றில் கையேட்டைப் பாருங்கள். இரும்பை ஒதுக்கும் அமைப்பை மறந்தும் போடக் கூடாது. போட்டால் கருவி அமைதியாக இருக்கும். நிலம் சுத்தமாகிவிட்டது என்று நம்பி மாட்டை விட்டுவிடுவீர்கள். கிழக்கு மேற்காக முடித்தபின் வடக்கு தெற்காக ஒருமுறை வீசுங்கள். எத்தனை துண்டு கிடைத்தது என்று ஒவ்வொரு நாளும் எழுதி வையுங்கள்.

ஒவ்வொரு உழவும் கீழே உள்ளதை மேலே கொண்டுவரும். ஆகவே ஒருமுறை பார்த்தால் போதாது. அடுத்த இரண்டு மூன்று உழவுக்குப் பிறகும் பார்த்து, எண்ணிக்கை ஒன்று இரண்டாகக் குறைந்த பிறகே தீவனப்புல் போட வேண்டும். அதுவரை அந்த இடத்தில் முருங்கையோ வாழையோ இருக்கட்டும். போரில் இருந்து வரும் இரும்புக் குழாயும் மோட்டார் கேபிளும் அந்தப் பக்கம் போகிறதா என்று பார்த்து, மெயினை அணைத்துவிட்டுத் தோண்டுங்கள். பிளாஸ்டிக் குழாயைக் கருவி காட்டாது. குண்டு போன்ற பொருள் எது கிடைத்தாலும் தொடாமல் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும்.

கருவி ஒரு குடும்பத்துக்கு வருடத்தில் பத்து நாள்தான் வேலை செய்யும். ஊரில் ஐந்தாறு பேர், அல்லது உழவர் உற்பத்தியாளர் குழு, சேர்ந்து நல்ல நடுத்தரக் கருவி ஒன்றை வாங்கிச் சுற்றுக்கு விட்டால் யாருக்கும் சுமை இல்லை. மகன் அதில் கைதேர்ந்தவராகிவிட்டால் அந்தக் கருவி அவர் பொறுப்பில் இருக்கட்டும்.

கேள்வி: "மாடு கம்பி தின்றிருக்கிறதா என்று மெட்டல் டிடெக்டரை மாட்டின் மேல் வைத்துப் பார்க்கலாமா?"

ஒரு வாசகர், நாமக்கல் மாவட்டம்.

பதில்: கால்நடை மருத்துவர்கள் இதற்கென்றே உள்ள கருவியைப் பயன்படுத்துவதுண்டு. ஆனால் அது தரும் பதில் பாதிதான்.

மாடு புல்லை நன்றாக மெல்லாமல் விழுங்கிவிட்டுப் பிறகுதான் அசைபோடுகிறது. அதோடு போகும் ஆணியும் கம்பியும், தேன்கூடு போலக் கட்டம் கட்டமாக இருக்கும் இரண்டாவது இரைப்பையில் தங்கிவிடும். அதற்கு முன்னால், மெல்லிய உதரவிதானத்துக்கு அந்தப் பக்கம், இதயம் இருக்கிறது. வயிறு சுருங்கும்போதும், சினை முற்றிக் கன்று அழுத்தும்போதும், கம்பி சுவரைத் துளைத்து இதயத்தின் உறை வரை போய்விடலாம்.

கருவி ஒலித்தால் வயிற்றில் உலோகம் இருக்கிறது என்று பொருள். அது குத்தியிருக்கிறது என்று பொருள் அல்ல. நன்றாகத் தின்று நன்றாகக் கறக்கும் மாடுகளின் வயிற்றிலும் ஆணி சும்மா கிடப்பதுண்டு. அதேபோல் கருவி ஒலிக்கவில்லை என்பதற்காகவும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. மெல்லிய கம்பி ஆழத்தில் இருந்தால் தெரியாமல் போகலாம். ஆகவே மாட்டின் மேல் வயல் கருவியை வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கவனிக்க வேண்டியது மாட்டைத்தான்.

திடீரென்று தீனியை விடுவது, பால் ஒரே நாளில் பாதியாவது, முதுகை வளைத்து நிற்பது, முன்னங்கால் முட்டிகளை வெளிப்பக்கம் விரித்து நிற்பது, சரிவில் இறங்கத் தயங்குவது, படுக்கும்போது முனகுவது ஆகியவை ஆரம்ப அறிகுறிகள். கழுத்துக்கும் முன்னங்கால்களுக்கும் நடுவில் நெஞ்சுப்பகுதி வீங்கி, கழுத்து நரம்பு கயிறு போலப் புடைத்துவிட்டால் நிலைமை முற்றிவிட்டது. ஆரம்பத்திலேயே கால்நடை மருத்துவரிடம் காட்டினால் எக்ஸ்ரே, ஸ்கேன் மூலம் பார்த்து, தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை செய்து எடுக்க முடியும். சாதாரணச் செரிமானக் கோளாறு என்று ஒரு வாரம் கஷாயம் கொடுத்துப் பார்ப்பதில்தான் பல மாடுகள் போய்விடுகின்றன. கால்நடை ஆம்புலன்ஸ் உதவிக்கு 1962 என்ற எண்ணை அழைக்கலாம்.

வரும்முன் காக்க, விரல் நீளமுள்ள வழவழப்பான காந்தம் ஒன்றை மாட்டை விழுங்கச் செய்யும் முறை இருக்கிறது. அது இரண்டாவது இரைப்பையில் வாழ்நாள் முழுவதும் தங்கி, வரும் ஆணியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மருத்துவர்தான் இதைக் கொடுக்க வேண்டும். செம்பு, அலுமினியக் கம்பிகளைக் காந்தம் பிடிக்காது என்பதை நினைவில் வையுங்கள். புல் நறுக்கும் இயந்திரத்தில் தீவனம் போடும் தொட்டியிலும் ஒரு காந்தத்தைப் பொருத்தலாம். போகிக்கு டயர் கொளுத்துவதை நிறுத்த வேண்டும். டயர் எரிந்து சாம்பலாகும். உள்ளே இருந்த எஃகுக் கம்பி அப்படியே மண்ணில் கிடக்கும்.

கேள்வி: "உழும்போது பழைய செப்புக்காசுகள் நான்கு கிடைத்தன. மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடினால் இன்னும் கிடைக்கும் என்கிறார்கள். வெளியே சொன்னால் நிலம் போய்விடும் என்றும் பயமுறுத்துகிறார்கள். என்ன செய்வது?"

ஒரு வாசகர், சிவகங்கை மாவட்டம்.

பதில்: தோண்டுவதை நிறுத்துங்கள். கிடைத்த இடத்தில் ஒரு முளை அடித்து, காசுகளைக் கழுவாமல், தேய்க்காமல் காகிதத்தில் பொதிந்து வையுங்கள். கிராம நிர்வாக அலுவலர் மூலமாகவோ நேரடியாகவோ, என்ன கிடைத்தது, எங்கே, எந்தத் தேதியில் என்று மாவட்ட ஆட்சியருக்கு எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

மண்ணுக்குள் மறைந்திருந்து கிடைக்கும் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம். மறைத்தால் கண்டெடுத்தவரின் உரிமை போய்விடும். ஓர் ஆண்டு வரை சிறையும் உண்டு. முறைப்படி சொன்னவருக்கும் நில உரிமையாளருக்கும் பங்கு தரவும், அரசு எடுத்துக்கொண்டால் விலை தரவும் அதே சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்தச் சட்டம் பேசுவது கிடைத்த பொருளைப் பற்றி. பட்டாவைப் பற்றி அல்ல. 100 ஆண்டுக்கு மேற்பட்ட காசு தொல்பொருளாகவும் கருதப்படும். உரிமம் இல்லாமல் அதை விற்கும் வியாபாரத்தில் இறங்கக் கூடாது. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அனுமதி இல்லாமல் தோண்டுவதும் குற்றம்.

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், ஹாக்ஸன் என்ற கிராமத்தில் 1992 நவம்பரில் ஒரு விவசாயி தன் சுத்தியலை வயலில் தொலைத்துவிட்டார். மெட்டல் டிடெக்டர் வைத்திருந்த நண்பரைத் தேடித் தரச் சொன்னார். சுத்தியலைத் தேடிய அந்த நண்பருக்குத் தங்கச் சங்கிலியும் வெள்ளிக் கரண்டியும் ரோமானியக் காசுகளும் கிடைக்க ஆரம்பித்தன. கொஞ்சம் எடுத்ததும் நிறுத்திவிட்டு அதிகாரிகளுக்குத் தகவல் சொன்னார். மறுநாள் தொல்லியலாளர்கள் வந்து அடுக்கடுக்காக எடுத்தார்கள். ஏறக்குறைய 15,000 காசுகளும், சுமார் 200 தங்க, வெள்ளிப் பொருட்களும் கிடைத்தன. பொருட்கள் கிடந்த வரிசை கலையாமல் இருந்ததால், ஒரு மரப்பெட்டியில் அவற்றை எப்படி அடுக்கிப் புதைத்தார்கள் என்பது வரை தெரிந்தது. கண்டெடுத்தவருக்கு 17.5 லட்சம் பவுண்டு வெகுமதி கிடைத்தது. அதை அவர் விவசாயியோடு பகிர்ந்துகொண்டார். தொலைந்த சுத்தியலும் கிடைத்தது. அதுவும் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

அது இங்கிலாந்தின் சட்டம். தொகையை எண்ணி இங்கே யாரும் கனவு காண வேண்டியதில்லை. நிறுத்திய இடத்தைப் பார்த்தால் போதும். சிவகங்கை மாவட்டத்துக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கீழடியில் அகழாய்வு நடந்ததே தென்னந்தோப்புகளுக்கு நடுவில்தான். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. அந்தக் கணக்கு, இரும்போடு ஒரே இடத்தில் கலையாமல் கிடந்த கரி மாதிரிகளில் இருந்து கிடைத்தது. கடப்பாரையால் இரும்பை மட்டும் பிடுங்கி எடுத்திருந்தால் அது பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

புதுக்கோட்டை வாசகிக்கும் இது பொருந்தும். அந்த 12 சென்ட்டில் வருவதில் பெரும்பாலானவை ஓட்டு வீட்டு ஆணியாகத்தான் இருக்கும். அவற்றை வாளியில் போடுங்கள். பழைய தாழி ஓடு, கறுப்பு சிவப்புப் பானைத்துண்டு ஆகியவற்றோடு ஏதாவது உலோகம் வந்தால் மட்டும் கையை எடுத்துவிட்டு, வி.ஏ.ஓ.வுக்குச் சொல்லுங்கள். புது மாடு வந்ததும் மறக்காமல் கால்நடை மருத்துவரிடம் காந்தம் பற்றிக் கேளுங்கள். மேடு சுத்தமாகும் வரை அந்தப் பக்கத்துப் புல் ஒரு கட்டுகூடத் தொழுவத்துக்கு வர வேண்டாம்.